கதவைத் தர மாட்டேன்

அக்கா புருஷனுக்கு ரெண்டு வருஷமா வேர் தேடுற வெறி. தாத்தா படிச்ச பள்ளிக்கூடம், வேலை பார்த்த ஆபீஸ்னு ஒண்ணு விடலை. சாப்பிட உட்கார்ந்தா வம்சாவளி, எழுந்தா வம்சாவளி. கடைசியில தாத்தா கட்டின வீட்டையும் கண்டுபிடிச்சுட்டார். கார் ஓட்ட இளிச்சவாயன் நான் இருக்கேனே, கிளம்பிட்டோம்.

"அத்தான், உங்கப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அட போடா. அவருக்கு இதுலெல்லாம் ஆர்வமே கிடையாது. என்ன கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்கிறார்."

வீடு கைமாறி எத்தனையோ வருஷம் ஆயிடுச்சு. இப்போ சொந்தக்காரரா இருக்கிறவர் எங்களை வாசல்லயே நிறுத்திட்டார். உட்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை.

அத்தான் பணிவாத்தான் ஆரம்பிச்சார். பின்பக்க அறையிலதான் எங்கப்பா பிறந்தார், அந்த அறைக்கதவைக் கழட்டிக் குடுத்தா புதுக்கதவு போட்டுத் தந்துடறேன்னார். தாத்தாவோட மேஜை, நாற்காலி, பழைய போட்டோ எல்லாத்துக்கும் வீட்டுல ஒரு அறையே ஒதுக்கியிருக்கேன், இந்தக் கதவையும் அதுல மாட்டிட்டா மனசு நிறைஞ்சுடும்னார்.

"தர மாட்டேன்."

"சரி, பார்க்கவாவது விடுங்க. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

"முடியாது. அந்த அறையை வாடகைக்கு விட்டாச்சு. பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருக்காங்க."

எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன மனுஷன் இவர்? கதவைத் தவிர வேற எதைத் தூக்கிட்டுப் போயிடப் போறோம்?

அத்தான் குரல் ஏறிடுச்சு. காசு குடுத்து வாங்கினவனுக்கு ரத்த பந்தத்தோட அருமை எங்க தெரியும்னு ஆரம்பிச்சு, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். தெருவே எட்டிப் பார்த்துச்சு. நானும் சும்மா இருக்கலை, கல்நெஞ்சுக்காரர்னு என் பங்குக்குச் சொல்லிவெச்சேன்.

வீட்டுக்காரர் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னார்.

"எங்கப்பா பிறந்த அறையில எவனோ ஒருத்தன் வந்து படுப்பான். சொந்தப் பேரன் நான் தெருவுல நிக்கணுமா?"

அவ்வளவுதான், அவர் படியிறங்கி நேரா அத்தான் முன்னாடி வந்து நின்னார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் சத்தியம் வாங்கியிருக்கார். நீங்க பேசுற பேச்சுக்குச் சொல்லாம இருக்க முடியலை. எவனோ இல்லை சார். ஒண்ணாம் தேதி இங்க குடிவரப் போறது உங்கப்பாதான்."

அத்தானுக்கு முகம் செத்துப்போச்சு. அப்பாவுக்கு என்ன குறை, என்கூடத்தானே இருக்கார், வேளாவேளைக்குச் சாப்பாடு போடறோமேன்னு முனகினார்.

"போன மாசம் தனியா பஸ் ஏறி வந்தார். தாத்தா சாமான் வைக்கணும்னு அவர் அறையைக் காலி பண்ணி, கட்டிலை ஹால்ல கொண்டுவந்து போட்டுட்டீங்களாம். வர்றவன் போறவன் முன்னாடி படுத்துக் கிடக்கக் கூசுதுன்னார். கடைசிக் காலத்துல சாத்திக்க ஒரு கதவு இருந்தா போதும்னார். அதையும் கழட்டிக் குடுக்கச் சொல்றீங்களே?"