கால் பட்டதும் இறுகும் குளம்

குழந்தையின் கால் பட்டால் போதும், எங்கள் வீட்டு நீச்சல் குளம் கண்ணாடித் தரையாக இறுகிவிடும். என் மகள் ஆதிரை அதன்மேல் ஓடித்தான் வளர்ந்தாள். விருந்துக்கு வரும் பிள்ளைகளும் அதில் பந்து விளையாடுவார்கள். பெரியவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாப்பிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் தோட்டத்தில் கிணறு நிரம்பிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ஆதிரை அதே ஓட்டம் ஓடி, தரை என்று நம்பிக் கால் வைத்துவிட்டாள். அண்ணன் குதித்துத் தூக்கினான்.

இன்று காலை குளத்தை இறுகவைக்கும் பாதுகாப்புக் கருவியை அணைத்தேன்.

"குழந்தை அருகில் இருக்கிறது. அணைப்பது ஆபத்து," என்றது சுவரிலிருந்து அந்தக் கருவியின் குரல்.

"அவ எனக்குப் பொறந்தவ. நீ வாயை மூடு."

என் கணவர் கௌதம் ஓடிவந்தார். "உனக்கென்ன பைத்தியமா? சாயங்காலம் விருந்தாளிங்க வேற வர்றாங்க."

"வரட்டும். அவங்க பிள்ளைங்களுக்கும் சேர்த்தே நீச்சல் சொல்லித்தர்றேன்."

கட்டிய புடவையோடு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கை நீட்டினேன். ஆதிரை எப்போதும்போலக் கால் வைத்தாள். கால் உள்ளே போனது. அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, தண்ணி உடைஞ்சுபோச்சும்மா."

"உடையலடி. தண்ணின்னா இதான். காலை உதை."