வேறொருத்தி பெயர் போட்ட தங்கம்

சென்னை ஒலிம்பிக்கிலும் யார் ஜெயிப்பார் என்று கணிப்பு இயந்திரம் முதல் நாளே சொல்லிவிட்டது; பதக்கங்களில் பெயரும் பொறித்தாயிற்று. தெரிந்த முடிவைப் பார்க்க யார் வருவார்கள்? அரங்கம் காலியாகக் கிடந்தது.

பன்னிரண்டு வருடமாக இயந்திரம் சொன்ன இடத்திலேயே வந்துகொண்டிருந்த தூத்துக்குடி செல்சியாவுக்கு, அவளுடைய இந்தக் கடைசி நூறு மீட்டர் ஓட்டத்திலும் நான்காம் இடம்தான் என்று அது சொல்லியிருந்தது.

எல்லைக்கோட்டைத் தாண்டி நிமிர்ந்தபோது அவளுக்கு முன்னால் ஒருத்தியும் இல்லை. பலகையில் ‘உலக சாதனை’ என்று மின்னியது. பயிற்சியாளர் ஞானதுரை தலைகால் புரியாமல் குதித்தார்.

மேடையில் அதிகாரி நெளிந்தார்.

“தங்கத்துல வேற பேரு இருக்கு, மேடம். அழிச்சுட்டு உங்க பேரைப் போட்டுத் தர்றோம்.”

செல்சியா சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள்.

“அழிக்காதீங்க சார், அப்படியே போடுங்க. மெஷின் தோத்ததுக்கு அத்தாட்சி வேணும்லா!”