செவ்வாய்க்கிழமைச் சாறு

எதையாவது தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ? டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த செல்லியம்மாளுக்கு இதே கவலை.

போன தடவை அப்படித்தான். மருமகள் தாராவுக்கு மரத்துப்போனது எந்தக் கால் என்று டாக்டர் கேட்க, இவள் முந்திக்கொண்டு "வலது" என்றாள். டாக்டர் ரப்பர் சுத்தியால் நல்ல காலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே!" என்று ஆச்சரியப்பட்டார்.

ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எங்கே வாயில் நுழைகிறது? தாராவுக்கு எம்.எஸ். என்று ஒரு நரம்பு நோய். ஜரிகையில் பட்டு இழைமேல் சுற்றிய வெள்ளி அங்கங்கே உரிகிற மாதிரி, நரம்பின் மேலுறை உரிகிறதாம். நோய் அடியோடு போகாது. மாத்திரை, சாப்பாடு, நடை, தூக்கம் என்று ஒழுங்காக இருந்தால் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்தது.

இன்றைக்கு வாயைத் திறக்கவே கூடாதென்று முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் வாய் திறக்கவென்றே ஒருத்தி கூட வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள்.

"துணைக்கு வரேன்" என்று ஷேர் ஆட்டோவில் ஏறியவள், இறங்கும்போது, "சொல்ல வேண்டியத டாக்டர்கிட்டயே சொல்லிக்கறேன்" என்றாள்.

தாராவின் நோய் தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்கு டம்ளர் டம்ளராக வைத்தியம் வர ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை காமாட்சியம்மாளின் வல்லாரைச் சாறு. வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு நசீம் பானுவின் கருஞ்சீரகக் கஷாயம். நடுவில், வாட்ஸ்அப்பில் யார் என்ன பார்த்தார்களோ அந்தப் பொடி.

"கண்டிப்பா குடுத்துடறேன்மா" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள் செல்லியம்மாள்.

காமாட்சியம்மாள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வாசல் கால்வாயில் ஓடும் தண்ணீரைப் பார்த்தே எந்தச் சாயப்பட்டறையில் அன்று என்ன கலர் என்று சொல்லிவிடுவாள். போன செவ்வாய், டம்ளரைத் திருப்பி வாங்க வந்தவள் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தாராவுக்குக் கொடுத்த சாற்றை மாமியார்க்காரி அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்!

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் செய்தி.

"நோயாளிப் பொண்ணு வாய்க்குப் போறத புடுங்கிக் குடிக்கிறா பாரேன்!"

நசீம் பானு நேரிலேயே வந்து கேட்டாள். "அக்கா, என் கஷாயமும் அப்டித்தானா?"

பதில் வாய் வரைக்கும் வந்தது. தப்பாகப் போய்விடுமோ என்று செல்லியம்மாள் விழுங்கிக்கொண்டாள்.

தாரா ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பெரிய வேதனை. மூன்று நாளாக எதற்கெடுத்தாலும், "சரி அத்தை." அவ்வளவுதான். வாலாஜாபாத்திலிருந்து அவள் அம்மா போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை வந்து என் பொண்ண கூட்டினு போறேன்" என்று சொல்லியாகிவிட்டது.

மூவரும் உள்ளே போனதும், டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு தாரா. லிவர்ல பிரச்சினை இல்ல. ஆறு மாசமா புதுசா அட்டாக்கும் வரல. சாப்பாடெல்லாம் எப்படி?"

"கீரை, பருப்பு, பழம். எண்ணெய்ப் பலகாரத்த அத்தை நிறுத்திட்டாங்க. காலையில வெயிலுக்கு முன்னாடி நடக்கறேன். மத்தியானம் சூட்டுல கால் துவண்டுச்சுன்னா, ஈரத்துண்டு போத்திப் படுக்க வெப்பாங்க."

"எல்லாம் என் வல்லாரைச் சாறு மகிமை!" என்ற காமாட்சியம்மாள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயே, அவ எங்க குடிச்சா?"

"என்ன சாறு?" டாக்டர் நிமிர்ந்தார்.

"கேளுங்க டாக்டரம்மா. வாராவாரம் நான் அம்மில அரைச்சுக் குடுத்ததெல்லாம் இவ வயித்துக்குத்தான் போயிருக்குது!"

டாக்டர் செல்லியம்மாளைப் பார்த்தார். செல்லியம்மாள் முந்தானை முடிச்சைப் பார்த்தாள்.

"நீங்களாம்மா குடிச்சீங்க?"

தலை ஆடியது.

"நசீம் பானு கஷாயம்?" என்றாள் காமாட்சியம்மாள்.

மறுபடி ஆடியது.

"என் தம்பி பொண்டாட்டி அனுப்புன பொடி?"

"அது… ரெண்டு ஸ்பூன், வெந்நீர்ல."

டாக்டர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார். "பேர் சொல்லுங்க."

"தாரா."

"உங்க பேரு. லிவர் டெஸ்ட் இப்ப உங்களுக்குத்தான் எடுக்கணும்."

மூன்று நாளில் முதல் தடவையாகத் தாரா அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் அத்தை?"

முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

"நீங்கதானே டாக்டரம்மா சொன்னீங்க? மாத்திரையோட வேற சாறு, பொடி எதையும் கேக்காம குடுக்காதீங்க, ஈரலுக்கு ஆவாதுன்னு. கேக்கலாம்னா, இந்த இலைக்கு அந்தப் பேரச் சொல்லித் தொலைச்சிட்டா? அன்னிக்கு கால் மாதிரி ஆயிடாது?"

"குடுக்கறவங்ககிட்ட வேணாம்னு சொல்லியிருக்கலாமே?" என்றார் டாக்டர்.

"அவ்ளோ ஆசையா எடுத்துக்கினு வராங்க. மொகத்தப் பாத்து எப்டிம்மா சொல்றது?"

"சரி, கீழ கொட்டியிருக்கலாமே?"

செல்லியம்மாள் ஓரக்கண்ணால் காமாட்சியம்மாளைப் பார்த்தாள்.

"மொத வாரம் கொட்டினேன்மா. எங்க வீட்டுக் கால்வா இந்த அக்கா வாசல் வழியாதான் போவுது. அஞ்சு நிமிஷத்துல வந்து நிக்கறாங்க, 'இன்னிக்கு பட்டறையெல்லாம் லீவாச்சே, யாரு கிளிப்பச்சை போட்டது?'ன்னு. வயித்துக்குள்ள போனா யார் வாசல்லயும் ஓடாது பாருங்க… அதான் நானே குடிச்சிட்டேன்."