காளான் சூப்

மதிய வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக வந்து வெள்ளை மேசைவிரிப்புகளில் விழுகிறது. மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் இந்த உணவகத்தில் இடம் கிடைக்கும். ஜன்னலோர மேசையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இடத்துக்குப் பேர் வாங்கிக்கொடுத்த காளான் சூப், அக்கா உருவாக்கியது. அதைத் தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அவளைச் சமையலறையை விட்டும் வீட்டை விட்டும் அனுப்பியவன்தான் இங்கே தலைமைச் சமையல்காரன். அவளுடைய முன்னாள் கணவன். அக்கா ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்துக் கண்ணை மூடுகிறாள். வெண்ணெயில் வதங்கிய காளானின் மணம் தொண்டைவரை இறங்குகிறது.

"எப்படிக்கா இருக்கு?"

"நான் செஞ்ச மாதிரியே இருக்குடி" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தள்ளி வைக்கிறாள். பரிமாறுபவர் பதறிப்போய் உள்ளே ஓடுகிறார். அவனே வெளியே வருகிறான். வெள்ளைக் கோட்டில் ஒரு கறை இல்லை. அவளைப் பார்த்ததும் நடை தளர்கிறது. பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றுவிடுகிறது.

"என்ன குறை?"

"ஏதோ ஒண்ணு இல்ல."

"என்ன இல்ல?"

"அது உங்களுக்குத்தானே தெரியணும்? நீங்க கண்டுபிடிச்ச சூப்தானே!" அக்காவின் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. தங்கை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

எல்லோரும் பார்க்க, அவன் ஒரு கரண்டியை எடுத்து அவளுடைய கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடிக்கிறான். நெற்றி சுருங்குகிறது. மறுபடி ஒரு வாய். இன்னும் ஒரு வாய். அக்காவுக்கு நல்ல பசி. இருந்தாலும் கன்னத்தில் கை வைத்து, கிண்ணம் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.