கூடாதுவின் வால்

"மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடிக்கல. இனிமே நீ பாடக் கூடாது," என்று அண்ணன் சிவநேசன் சொல்லிவிட்டுப் போனபோது தமயந்தியின் மைக் திறந்தேதான் இருந்தது. ஒலியை வெட்டி ஒட்டும் சாம்ப்ளர் வயர்கள் பின்னிக் கிடந்தது; அதில் பதிவாகியிருந்த அவன் குரலை ஓடவிட்டு, கூடாதுவின் வாலை மட்டும் நறுக்கி எறிந்தாள். மிச்சம் லூப்பில் சுழன்றது. பாடக் கூட, பாடக் கூட என்றான் அண்ணன். அதன்மேல் அதையே சுருதி கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் அடுக்கிக்கொண்டே போனாள். ஊரே திரண்டு வந்து அவளைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. நடுவில் புகுந்து தானும் பாடினாள்.

கதவை உதைத்துத் திறந்தான் சிவநேசன். "நிறுத்துடி. யாருடா இத்தனை பேரு உள்ள?"

தமயந்தி மைக்கை அவன் பக்கம் திருப்பினாள்.

"எல்லாம் நீதான். இன்னும் சத்தமா சொல்லுண்ணே, பின்பாட்டுக்கு ஆள் பத்தல."