மணிக்கூண்டுக்காரன் மகள்

அவன் பக்கத்தைத் திருப்பவில்லை. கீழே போன கண் மறுபடி மேலே ஏறி, அதே பக்கத்தை முதலிலிருந்து படித்தது.

சமையலறை வாசலில் நின்று பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவிக்கு வயிறு எரிந்தது. எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

மணிக்கூண்டுக்காரன் மகள் வரும் பக்கம். ஈரத்தலையோடு படியிறங்கி வருவாள். கதாநாயகன் பேச்சு மறந்து நிற்பான். அவள் கழுத்துக்கே நாலு வரி போய்விடும்.

காகிதம் பழுத்து முதுகு விட்டுப்போன பழைய நாவல். நியாயமாகப் பார்த்தால் அந்த மகள் இந்நேரம் பல்லுப் போன கிழவி. ஆனால் புத்தகத்தில் இருப்பவளுக்கு ஏது வயசு? நரைப்பதும் முழங்கால் வலிப்பதும் பூண்டு உரிக்கிறவளுக்குத்தான்.

இத்தனைக்கும் அவன் மூக்கில் இருக்கும் கண்ணாடி அவள் கையால் செய்தது. கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பது அவள் வேலை. அவனுக்கென்று வந்தபோது, ஓரம் துளியும் உறுத்தக் கூடாது என்று எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்து தேய்த்தாள். கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டுக் கழுத்தையும் நீட்டின கதை.

எல்லாம் பரணில் இருந்த தகரப் பெட்டியால் வந்த வினை. ஒழுகும் குழாய்க்கு ஸ்பேனர் தேடி ஏறியவன், கை நிறையப் புத்தகங்களோடு இறங்கினான். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் எடுத்தது பேய்க்கதை. அதை முடிக்கும் வரை பட்டப்பகலில்கூட விளக்கைப் போட்டுக்கொண்டுதான் குளியலறைக்குப் போனான். அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

அடுத்தது துப்பறியும் கதை. மேஜையில் உப்பு ஜாடி இடம் மாறியிருந்தால்கூட அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

பிறகு ராஜா காலத்துக் கதை. காய்கறி வாங்கப் போவதே படையெடுப்பு மாதிரி ஆனது. பிறகு, ராக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் யாரோ நிலாவுக்கு ஆள் அனுப்பிய கதை. மாடிக்குத் துணி எடுக்கப் போனவன், கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். துணி மாடியிலேயே கிடந்தது.

ஒவ்வொன்றையும், உலகத்தில் அது இன்று காலையில்தான் உண்டானது போலப் பார்த்தான். புருவம் ஏறி, வாய் லேசாகத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அட்டை கிழிந்த பேய்க்குக் கிடைக்கிறது. எவனோ ஆள் அனுப்பிய நிலாவுக்குக் கிடைக்கிறது. இப்போது இந்த ஈரத்தலைக்காரிக்கும் கிடைக்கிறது.

இப்போதெல்லாம் அவளிடம் அவன் சிடுசிடுப்பதே இல்லை. சோறு போட்டால் நன்றி சொன்னான். கதவைத் தட்டிவிட்டுத்தான் அறைக்குள் வந்தான். ஒரு சண்டை போட்டுத் தொலைத்தாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு.

பூண்டுத் தட்டை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். புத்தகத்தைப் பிடுங்கி வீசிவிடுவது என்றுதான் வந்தாள்.

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

“ஏங்க, நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?”

ஏங்க. அந்த வீட்டில் அது அவள் அவனைக் கூப்பிடுகிற சொல். முன்பெல்லாம் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டவனே இல்லை. ‘ஏய்’ என்பான். ‘எங்கடி போய்த் தொலைஞ்ச’ என்பான்.

பாலம் கட்டும் இடத்தில் சாரம் சரிந்து விழுந்தவனுக்கு எலும்பெல்லாம் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு நினைவிருந்தது. பெற்ற தாய் நினைவிருந்தாள். இவளைச் சந்தித்த நாளிலிருந்து இந்தப் பக்கம்தான் ஒன்றுமே இல்லை. ‘இவங்கதான் உங்க மனைவி’ என்று டாக்டர் காட்டியபோது, கட்டிலில் சிரமப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, மரியாதையாக வணக்கம் சொன்னான்.

தகரப் பெட்டியில் இருந்ததெல்லாம் அவனே வாங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டியது. புத்தகங்களையும் அவளையும் சேர்த்துத்தான் மறந்தான். புத்தகங்களை மட்டும் திரும்பக் கண்டுபிடித்துவிட்டான்.

“இல்லையே,” என்றாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப உட்காருங்க, முதல்லேருந்து வாசிக்கிறேன்.”

நகர்ந்து இடம் விட்டான். நடுவில் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம், அவ்வளவு இடம்.

வாசித்தான். கோபுரத்தில் மணி அடித்தது. புறாக்கள் பறந்தன. அந்தச் சிறுக்கி ஈரத்தலையோடு மேல்படியில் வந்து நின்றாள். கதாநாயகனுக்காக அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். குரல் தாழ்ந்தது.

“நீ இறங்கி வரும் வரையில் நான் இங்கிருந்து நகர மாட்டேன்.”

நீ.

விபத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்தச் சொல் அவள் பக்கம் வந்ததே இல்லை. இப்போதும் வந்தது அவளுக்கில்லை, மேல்படியில் நிற்கிறவளுக்கு. நிற்கட்டும். அவளுக்கு அதைச் சொல்ல ஒரு புத்தகமே இருக்கிறது.

“சரியாக் காதுல விழல,” என்றாள். “அந்த வரியை இன்னொரு தடவை படிங்க.”