வண்டிக்கு அடியில்

மல்லாந்து படுத்தபடி கடைசி வரிசைத் தெர்மோகோலை ஒட்டிக்கொண்டிருந்தான் மெக்கானிக்.

மூக்குக்கு ஒரு முழம் மேலே டிரெய்லரின் அடிப்பாகம். காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தங்க, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி அவனே கட்டிய வண்டி. உள்ளே இருவர் படுக்க மெத்தை, மடக்கு மேசை, அடுப்பு எல்லாம் ஆகிவிட்டது. தரைதான் பாக்கி. மலைமேல் கொண்டுபோய் நிறுத்தினால் குளிர் கீழிருந்துதான் ஏறும். பதினெட்டு வருஷமாகக் குளிர்கிடங்குகளில் மெஷின் பார்க்கிறவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடது சக்கரம் கழற்றிக் கிடந்தது. அந்தப் பக்கத்தை ஒற்றை ஜாக்கி தாங்கிக்கொண்டிருந்தது. செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்துவிடலாம் என்று மச்சினன் காலையிலேயே சொல்லிப் பார்த்தான். பத்து நிமிஷ வேலைக்கு எதற்கு அதெல்லாம் என்று மெக்கானிக் அடியில் நுழைந்துவிட்டான்.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. வெளியே நின்று, அளவுக்கு வெட்டிய தெர்மோகோல் பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். ஆரம்பத்தில் அவன் வாய் ஓயவில்லை. மாமாவின் அரண்மனையில் தனக்கு வாசல் காவலாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரமாகப் பேச்சில்லை. அலுத்துப் போயிருப்பான் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

பக்கவாட்டில் தொங்கிய தார்ப்பாய் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளியில், வீட்டில் யாரும் மாட்டிக்கொள்கிற நீலச் செருப்பும் சாம்பல் நிறக் காலுறையும் தெரிந்தன. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. போட்டிருந்த கண்ணாடியிலும் தெர்மோகோல் தூள் அப்பியிருந்தது.

பலகை வந்தது. பசை தடவி, கம்பிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினான். அந்த வெள்ளையும் அந்த வாடையும் அவனை என்னவோ செய்தன. கிடங்குச் சுவருக்குள்ளும் இதே சரக்குதான்.

மாமனார் செத்ததும் ஒரு கிடங்கில்தான்.

அங்கே அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன். ஒரு சாயங்காலம் பெட்டி எடுக்கக் குளிரறைக்குள் போனவருக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. உள்ளிருந்து திறக்கிற பிடி அவர் கையோடு வந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். பதற்றத்தில் பெரியவர் பிடியைத் தப்பான பக்கம் திருப்பி உடைத்துவிட்டார் என்று விசாரணையில் முடிவானது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வந்தவர்களுக்கு விளக்கிக் காட்டியதும் அவன்தான்.

அன்றிலிருந்து அவன் மனைவிக்கு அப்பா மேல் தீராத கோபம். எதிலும் அவசரம், யார் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை, ஒரு பிடியைத் திருப்பத் தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவர் படத்தை இன்னும் சுவரில் மாட்டவிடவில்லை.

முகம் பார்க்காமல் பேசும்போது வாய்க்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிடுகிறது.

“மாப்ள, அந்தப் பிடியில திருகு கழண்டு கிடக்குன்னு பெரியவர் முன்னாடியே எங்கிட்ட சொன்னாரு. நான் போய்ப் பாக்கவே இல்ல. பாத்துட்டேன்னு கையெழுத்து மட்டும் போட்டேன்.”

செருப்பு அசையவில்லை.

அவனால் நிறுத்த முடியவில்லை. இந்த வண்டிக்கு இரும்புச் சட்டம் மலிவாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, கை நழுவிப் போய்விடுமோ என்று அன்றைக்கு ஓடியதைச் சொன்னான். பிடியைத் தொட்டுக்கூடப் பார்க்காததைச் சொன்னான். அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று கெஞ்சினான்.

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருந்தது. கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க முடியவில்லை. கையெல்லாம் பசை.

பதிலுக்கு அடுத்த பலகை உள்ளே வந்தது. அளவு கொஞ்சமும் பிசகாத பலகை. அதை மன்னிப்பு என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

அப்போது தெருக்கதவு திறந்தது.

“நாலு கடை ஏறி இறங்கி ஒரு டேப்தான்க்கா கெடச்சுது. இவ்வளவு நேரம் நீயேவா எடுத்துக் குடுத்துட்டிருந்த?”

மச்சினனின் குரல் வாசலிலிருந்து வந்தது.

நீலச் செருப்பு நின்ற இடத்திலேயே நின்றது.

தார்ப்பாய் மெல்ல விலகியது. மனைவி குனிந்து பார்த்தாள். அவளுக்கு மூட்டுவலி, பிடிமானம் இல்லாமல் குனியமாட்டாள். ஜாக்கியை ஏற்றி இறக்குகிற கம்பியைப் பிடித்திருந்தாள். வெளியே வர அவனுக்கு அந்தப் பக்கம்தான் வழி.

அவள் கண்ணில் ஈரம் இல்லை. அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“அப்போ அப்பா சரியான பக்கம்தான் திருப்பியிருக்காரு?”

“ஆமா.”

தனக்குள்ளே சொல்லிப் பார்ப்பவள்போல் அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு டேப் போதாது, போய் இன்னொன்று வாங்கி வா, அவசரமில்லை என்று அவனை அனுப்பினாள்.

ஒட்டுவதற்கு ஒரே ஒரு பலகைதான் பாக்கி இருந்தது.